பெயருக்காகக் காத்திருந்த வயிற்று நோய்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டுக் களத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் இருட்டிலேயே பெயர் கூப்பிடுவார்கள். காய்ச்சல் என்று சொல்பவரின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். காலில் வெட்டு என்றால் காயத்தைப் பார்க்கலாம். "வயிறு சரியில்லைங்க" என்று சொல்பவரிடம் தொட்டுப் பார்க்கவோ கண்ணால் காணவோ ஒன்றும் இராது. ஒரு நாள் சொன்னால் நம்புவார்கள். மாதம் நான்கு முறை சொன்னால் வேலைக்கள்ளன் என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

என் தாத்தாவுக்கு அந்தப் பெயர் இருந்தது. 1943-ஆம் ஆண்டில் ஜப்பானியர் அவரைச் சயாம் ரயில்பாதை போடக் கொண்டு போனார்கள். அங்கே இரத்தமும் சீதமுமாக வயிற்றுக்கடுப்பு வந்து, செத்தார் என்று ஒதுக்கி வைத்த இடத்திலிருந்து எழுந்து வந்தவர் அவர். போர் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு கடுப்பு போய்விட்டது. ஆனால் வயிறு மட்டும் பழைய வயிறாகவில்லை. சில வாரங்களில் காலையில் நான்கு முறை ஓடுவார். சில வாரங்களில் மூன்று நாள் போகாமல் கல்லாக இறுகிக் கிடக்கும். இடுப்புக்கு மேலே இழுத்துப் பிடிக்கும் வலி, வெளிக்குப் போய் வந்தால் சற்றுத் தணியும். தோட்டத்து டிரெசர் பலமுறை பார்த்துவிட்டு, "உனக்கு ஒன்றுமில்லை" என்று தண்ணீர் மருந்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இப்படியே ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து, எழுபதைத் தாண்டி, வேறு காரணத்தால் இறந்தார்.

தாத்தாவுக்கு இருந்தது இன்ன நோய் என்று இன்று அறுதியிட்டுச் சொல்ல என்னால் இயலாது. நான் டாக்டரல்லன், பள்ளி ஆசிரியன். ஆனால் அவர் சொன்ன அதே குறிகளோடு ஒரு நோய் இருக்கிறது. அதற்கு நெடுங்காலம் ஒரு நிலையான பெயர்கூட இல்லை. இன்றைய மருத்துவர்கள் அதை எரிச்சல் குடல் நோய் என்றும், சுருக்கமாக ஐ.பி.எஸ். என்றும் அழைக்கிறார்கள். எரிச்சல் என்றதும் மிளகாய் தின்ற காந்தல் என்று எண்ணிவிட வேண்டாம். சிறு காரியத்துக்கும் சட்டென்று சினம் கொள்ளும் மனிதரை எரிச்சல்காரர் என்கிறோமே, அந்தப் பொருளில்தான் இங்கே எரிச்சல். சாதாரணமாகச் சாப்பிட்ட சாப்பாட்டுக்கும், சிறு கவலைக்கும் அளவுக்கு மீறிக் கோபித்துக்கொள்ளும் குடல் அது. அந்தக் குடலை மருத்துவ உலகம் எப்படிப் புரிந்துகொண்டது என்ற வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் நம் பக்கத்து மருத்துவத்திலிருந்து தொடங்குவோம். தோட்டத்தில் கிராணி என்றால் ஆபீசில் கணக்கெழுதுபவர். நம் நாட்டு வைத்தியத்திலோ கிராணி என்பது ஒரு வயிற்று நோயின் பெயர். வடமொழியில் கிரகணி என்பதுதான் தமிழில் அப்படித் திரிந்தது. (சம்பள நாளில் இரண்டு கிராணியும் ஒன்றாக வந்துவிட்டால் என்ன செய்வது என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கேலி பேசுவார்.) பழைய ஆயுர்வேத நூல்கள் இந்த நோயைச் சொல்லும்போது, ஒரு சமயம் மலம் இறுகியும் ஒரு சமயம் நீராகவும் போகும் என்று குறித்திருக்கின்றன. ஆனாலும் அதுவேதான் இது என்று நாம் கைதட்டிவிடக் கூடாது. அந்த ஒரே பெயருக்குள் இன்று நாம் தனித்தனியாகப் பிரித்தறியும் பல நோய்கள் கலந்து கிடந்தன. நாள்பட்ட அமீபாக் கடுப்பும் அதில் இருந்திருக்கும், காசநோய் பிடித்த குடலும் இருந்திருக்கும்.

ஐரோப்பாவில், 1818-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பவெல் என்பவர், குடலில் வரும் வலி, செரிமானக் கேடு, வாயு ஆகிய மூன்றும் சேர்ந்து சிலரை வாட்டுவதைப் பற்றி எழுதினார். 1849-இல் வில்லியம் கம்மிங் என்ற மருத்துவர், ஒரே ஆளுக்கு மலச்சிக்கலும் வருகிறது, வயிற்றுப்போக்கும் வருகிறது, ஒரே நோய் இப்படி எதிரெதிரான இரண்டு முகம் காட்டுவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை என்ற கருத்தில் எழுதி வைத்தார். விளங்காததை விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்ட அந்த மருத்துவரை நான் பெரிதும் மதிக்கிறேன். ஏனென்றால் அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பலர் அப்படிச் சொல்லவில்லை. 1892-இல் வெளிவந்த, மிகப் புகழ்பெற்ற மருத்துவப் பாடநூலில் வில்லியம் ஆஸ்லர் இந்த வகை நோயைச் சளிக் குடல் அழற்சி என்ற பெயரில் விவரித்தார். அந்த நோயாளிகளில் பலர் நரம்புத் தளர்ச்சிக்காரர்கள், தம்மையே எண்ணிக் கவலைப்படுகிறவர்கள் என்ற எண்ணமும் அந்தக் காலத்து நூல்களோடு சேர்ந்தே பரவியது. குடலைத் திறந்து பார்த்தால் புண் இல்லை, கட்டி இல்லை. ஆகவே நோயாளியின் குணத்தில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார்கள். இங்கே பெரட்டுக் களத்தில் சொன்ன அதே சொல்லைத்தான் அங்கே பெரிய புத்தகத்தில் நாகரிகமாகச் சொன்னார்கள் என்பேன்.

ஆனால் மனத்துக்கும் வயிற்றுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பை முதன்முதலாக உலகுக்குக் கண்ணால் காட்டியது ஒரு கூலித் தொழிலாளியின் வயிறு. அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1822-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6-ஆம் நாள். அமெரிக்காவின் பெரிய ஏரிகளுக்கு நடுவே மெக்கினாக் என்றொரு சிறு தீவு. அங்கே மிருகத் தோல் வாங்கி விற்கும் கம்பெனியின் கடையில் ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. அருகே நின்றவர் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின். கனடாவிலிருந்து வந்து அந்தக் கம்பெனிக்காகப் படகு வலித்துச் சரக்குச் சுமக்கும் இளைஞர். குண்டு இடப்பக்க விலாவைப் பிய்த்து இரைப்பையைத் துளைத்தது. காலையில் சாப்பிட்ட சாப்பாடு அந்த ஓட்டை வழியே வெளியே வந்தது. இராணுவ மருத்துவர் வில்லியம் பியூமாண்ட் வந்து பார்த்து, பிழைக்கமாட்டார் என்றே எண்ணினார். பிழைத்துக்கொண்டார். ஆனால் காயம் ஆறியபோது, இரைப்பையின் ஓட்டை மூடிக்கொள்ளாமல் வயிற்றின் தோலோடு ஒட்டி ஒரு சன்னல் போல நின்றுவிட்டது.

அந்தச் சன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும்! மருத்துவர்களுக்கு மிக அரிதாகக் கிட்டும் வாய்ப்பு அது. 1825-இல் பியூமாண்ட் சோதனைகளைத் தொடங்கினார். இறைச்சித் துண்டு, காய்ந்த ரொட்டி, கோசுக் கீரை ஆகியவற்றைப் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே இழுத்து, எது எவ்வளவு கரைந்தது என்று பார்த்தார். செயின்ட் மார்ட்டினுக்கு இது பிடிக்குமா? அந்த ஆண்டே சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார். போய்க் கல்யாணம் செய்து பிள்ளைகளும் பெற்றார். பியூமாண்ட் விடவில்லை. ஆளனுப்பித் தேடி, 1829-இல் மறுபடியும் வரவழைத்தார். பிறகு 1832-இல் ஓர் ஒப்பந்தம் எழுதினார். ஓராண்டுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் 150 டாலரும் தருவது, அதற்கு ஈடாகச் செயின்ட் மார்ட்டின் வேலைக்காரனாக இருப்பதோடு தம் வயிற்றையும் சோதனைக்குத் தருவது. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஆள் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டார்.

ஒப்பந்தக் கூலி என்ற சொல் நமக்குப் புதிதல்லவே, நேயர்களே. 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்படும்வரை நம் முன்னோர் பலர் மலாயாவுக்கு வந்ததும் ஒப்பந்தம் எழுதித்தான். அவர்கள் உடலுழைப்பை எழுதிக்கொடுத்தார்கள். செயின்ட் மார்ட்டின் இரைப்பையையே எழுதிக்கொடுத்தார். வேறுபாடு அவ்வளவுதான்.

1833-இல் பியூமாண்ட் தம் சோதனைகளைப் புத்தகமாக வெளியிட்டார். இரைப்பையில் சுரக்கும் அமில நீரே உணவைக் கரைக்கிறது என்பதை அதில் நிலைநாட்டினார். நமக்கு வேண்டிய செய்தி வேறொன்று. செயின்ட் மார்ட்டின் கோபப்பட்ட நாள்களிலும் உடல் நலமில்லாத நாள்களிலும் இரைப்பையின் உட்புறத் தோற்றமும் செரிமானமும் மாறுவதைப் பியூமாண்ட் கண்டு குறித்து வைத்தார். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வரும். வயிற்றில் நூல் விட்டு இழுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? 1834-இல் போன செயின்ட் மார்ட்டின் அதன் பிறகு எத்தனை கடிதம் எழுதியும் திரும்பவே இல்லை. 1880-இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கேட்டு வந்துவிடுவார்கள் என்று அஞ்சிய குடும்பத்தார், உடல் கெடும்வரை வீட்டிலேயே வைத்திருந்து, பிறகு மிக ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

1895-இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகு சன்னல் தேவைப்படவில்லை. அமெரிக்காவில் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்த வால்ட்டர் கேனன், பூனைகளுக்கு எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு பொடியை உணவோடு கலந்து கொடுத்து, வயிறு அசைவதை உற்றுப் பார்த்தார். பூனை அமைதியாக இருந்தால் வயிறு அலையலையாக அசைந்தது. பூனை அஞ்சியோ சினந்தோ திமிறினால் அசைவு நின்றுவிட்டது. பூனைக்கு நடிக்கத் தெரியாது. வேலைக்குப் போகாமலிருக்க அது பொய் சொல்லவில்லை.

1940-களில் நியூயார்க்கில் தாமஸ் ஆல்மி என்ற மருத்துவர் மனிதரின் பெருங்குடலையே நேரில் பார்த்தார். குழாய்க் கருவியை உள்ளே செலுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சோதனைக்கு இசைந்து வந்த மருத்துவ மாணவர் ஒருவரிடம், உனக்குக் குடலில் புற்றுநோய் இருப்பதுபோல் தெரிகிறது என்று வேண்டுமென்றே பொய் சொன்னார்கள். உடனே குடல் சிவந்து இறுகிச் சுருங்கத் தொடங்கியது. அது பொய், உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி நம்பவைத்ததும் குடல் தளர்ந்தது. இப்படி ஒரு கொடுமையான சோதனையை இன்று எந்த மருத்துவமனையும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆயினும் ஓர் உண்மை வெளிப்பட்டது. அச்சம் மனத்தில் தோன்றினாலும் சுருங்கியது மெய்யான குடல்தான்.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் அமெரிக்க மருத்துவ இதழ்களில் எரிச்சல் குடல் என்ற பெயர் வரத் தொடங்கிற்று. பவெல் எழுதி நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

இப்போது மறுபடியும் சயாம் ரயில்பாதைக்கு வருவோம். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, ஆறாத கால் புண் ஆகியவற்றுக்கு அங்கே பலியானவர்கள் எத்தனையோ பேர். அந்தப் போரில் பல நாட்டுப் படைவீரர்களும் வெப்ப நாடுகளில் கடுப்பு நோயால் துன்புற்றார்கள். போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்களில் சிலருக்குக் கிருமி ஒழிந்த பிறகும் வயிறு சீராகவில்லை என்பதை அவர்கள் நாட்டு மருத்துவர்கள் கவனித்து எழுதினார்கள். 1962-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரத்தில் சௌதரி, டிரூலவ் என்ற இரு மருத்துவர்கள் இந்நோய் கொண்ட 130 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, ஒரு வயிற்றுக்கடுப்புக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியிருந்தது.

படைவீரனின் வயிற்றைப் பற்றி எழுத ஆள் இருந்தார்கள். ரயில்பாதையிலிருந்து திரும்பிய தோட்டத்துத் தமிழனின் வயிற்றைப் பற்றி யார் எழுதினார்கள்? தாத்தாவின் நினைவாக இந்தக் குறையை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

இந்தத் தொடர்பைத் தெளிவாக வெளிப்படுத்திய நிகழ்ச்சி 2000-ஆம் ஆண்டில் நடந்தது. கனடாவில் வாக்கர்டன் என்ற சிற்றூரில், மே மாதத்தில் பெய்த கனமழை மாட்டுச் சாணத்தை அடித்துக்கொண்டு குடிநீர்க் கிணற்றில் சேர்த்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஏழு பேர் இறந்தனர். ஆராய்ச்சியாளர்கள் அந்த ஊர் மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, நோய்ப்படாதவர்களில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு இந்தக் குடல் தொல்லை இருந்தது. கடும் வயிற்றுப்போக்கால் துன்புற்றவர்களிலோ 100-க்குச் சுமார் 36 பேருக்கு இருந்தது. எட்டாண்டுக்குப் பிறகும் சிலரை அது விடவில்லை. கெட்ட தண்ணீர் போய்விட்டது. அது குடலில் விட்டுப் போன கூச்சம் போகவில்லை.

கூச்சம் என்ற சொல்லை எண்ணிப் பார்த்தே பயன்படுத்துகிறேன். பல்கூச்சம் உள்ளவருக்குத் தண்ணீர்கூட வலிக்கும். தண்ணீரிலும் குற்றமில்லை, அவர் பொய்யும் சொல்லவில்லை. 1973-இல் ஜேம்ஸ் ரிட்சி என்ற ஆங்கில மருத்துவர், பெருங்குடலின் கடைசிப் பகுதியில் ஒரு சிறு பலூனை வைத்துக் காற்றடைத்தார். அதே அளவுக் காற்றுக்கு, நல்ல குடல் உள்ளவர்களில் மிகச் சிலரே வலிக்கிறது என்றார்கள். எரிச்சல் குடல் உள்ளவர்களில் பாதிப் பேருக்குமேல் வலிக்கிறது என்றார்கள். கண்ணுக்குத் தெரிகிற புண் இல்லாமலே வலி இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. குடலுக்கென்று தனியாகக் கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் உள்ளன. அவை மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. இந்நோயில் அந்தப் பேச்சு இரைச்சலாகிவிடுகிறது. சாதாரண வாயுவும் வலியாகக் கேட்கிறது. கவலை வந்தால் இரைச்சல் கூடுகிறது. ஆகவே "மனசு காரணமா, குடல் காரணமா" என்ற நூறாண்டுச் சண்டையில் இரண்டு பக்கமும் பாதி பாதி சரி.

1978-இல் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள், எல்லாச் சோதனையும் செய்து ஒன்றுமில்லை என்று சொல்லி முடிப்பதற்குப் பதிலாக, இன்னின்ன குறிகள் இருந்தால் இதுதான் நோய் என்று கண்டறியும் வழியை வெளியிட்டார்கள். பிறகு ரோம் நகரத்தின் பெயரால் பன்னாட்டு மருத்துவர்கள் விதிகளை வகுத்து, 2016-இல் அவற்றைத் திருத்தினார்கள். கடந்த மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி, அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக இருத்தல், போகும் தடவையோ மலத்தின் தன்மையோ மாறுதல், தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருத்தல் ஆகியவை முக்கியமானவை. "ஒன்றுமில்லை" என்பது போய் "இது இருக்கிறது" என்றானது.

ஆனாலும் பழைய சொல் இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கிறது. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாள்களில், விரிவுரையாளர் வந்து வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து என் பாடத்தைப் பார்க்கும் நாளென்றால், விடியற்காலையிலிருந்தே வயிறு பிசையும். ஒரு கிளினிக்கில் போய்ச் சொன்னேன். அங்கிருந்த மருத்துவர் தலைநிமிராமலே, "ஒன்றுமில்லை, மனசைத் திடமாக வைத்துக்கொள்" என்று அனுப்பிவிட்டார். பல ஆண்டுக்குப் பின் வேறொருவர் இருபது நிமிடம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, பெயரைச் சொன்னார். பெயர் தெரிந்த அன்றே வலி பாதி குறைந்ததுபோல் இருந்தது.

சரி, பெயர் தெரிந்துவிட்டது. சமாளிப்பது எப்படி? இதற்கும் ஒரு சிறு வரலாறு உண்டு. நெடுங்காலம் எல்லா நோயாளிகளுக்கும் கோதுமைத் தவிடு தின்னச் சொன்னார்கள். 1994-இல் இங்கிலாந்தில் நோயாளிகளையே கேட்டபோது, பாதிப் பேருக்குமேல் தவிட்டால் தங்களுக்கு மோசமானதாகச் சொன்னார்கள். தண்ணீரில் கரைந்து வழவழப்பாகும் நார்தான் நல்லது. நம் கடைகளில் கிடைக்கும் இசப்கோல் அந்த வகை. கொஞ்சமாகத் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

2005-ஆம் ஆண்டளவில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உணவைப் பற்றிப் புதிய கருத்தொன்றை முன்வைத்தார்கள். சில உணவுகளில் உள்ள சிலவகை மாச்சத்தும் சர்க்கரையும் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்விடுகின்றன. போகும் வழியில் அவை தண்ணீரை இழுக்கின்றன, பெருங்குடலில் கிருமிகள் அவற்றைப் புளிக்க வைத்து வாயுவாக்குகின்றன. கூச்சமுள்ள குடலுக்கு அந்த உப்புசமே வலி. தாய்மார்களே, அந்தப் பட்டியலைக் கேட்டால் நம் அடுப்படியே அதில் இருக்கிறது என்பீர்கள். வெங்காயம், பூண்டு, பருப்பு, கடலை, கோதுமை மாவில் செய்த ரொட்டி சானாய், பால், மாம்பழம், ஆப்பிள், தர்ப்பூசணி! சோறு, முட்டை, மீன், கோழி, கேரட், ஆரஞ்சு, பப்பாளி போன்றவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை.

வெங்காயமும் பூண்டும் இல்லாமல் குழம்பு எப்படி வைப்பது? பூண்டில் தொல்லை கொடுக்கும் பொருள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே முழுப் பூண்டுப் பல்லை எண்ணெயில் வதக்கி, மணம் இறங்கியதும் எடுத்து எறிந்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்துக்கொள்ளலாம். குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்த பிறகு எடுத்தால் பயனில்லை. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியை நறுக்கிப் போடலாம். என் மனைவி இப்படிச் செய்து பார்த்த முதல் நாள் சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை. பெருங்காயம் சற்றுக் கூடுதலாக விழுந்த பிறகுதான் சரிப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தப் பட்டியலைச் சாகும்வரை ஒதுக்க வேண்டியதில்லை. நான்கு முதல் ஆறு வாரம் விலக்கிப் பார்த்து, குறைந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, தனக்கு எது ஒத்துவரவில்லை என்று கண்டுபிடித்து, அதை மட்டும் குறைத்தால் போதும். குறையவில்லை என்றால் பட்டியலை விட்டுவிடலாம். கூடுமானால் உணவியலாளர் ஒருவரின் துணையோடு செய்வது நல்லது. வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தாமாகவே இப்படிப் பத்தியம் வைக்கக் கூடாது.

சாப்பிடும் நேரமும் முக்கியம். வெறும் வயிற்றில் கோப்பி ஓ குடித்துவிட்டு இருட்டில் மரம் வெட்டப் போய், பத்து மணிக்கு அவசரமாக நான்கு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வது நம் தாய் தந்தையரின் வழக்கம். செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்களும், தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட் பார்க்கும் அவர்கள் பிள்ளைகளும் இன்றைக்கும் ஏறக்குறைய அப்படித்தான். கோப்பியைக் குறைத்து, கிளம்புமுன் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு, சற்று நேரம் உட்கார்ந்து வெளிக்குப் போய்விட்டுக் கிளம்புவது நல்லது. வெளிக்காட்டில் மறைவிடம் இல்லாமல் பெண்கள் நாள் முழுவதும் அடக்கிக்கொள்வது சிக்கலை மேலும் கூட்டும். அதைத் தீர்ப்பது அவர்கள் கையில் மட்டும் இல்லை, வேலை கொடுப்பவர் கையிலும் இருக்கிறது.

மருந்துகளும் உண்டு. புதினா எண்ணெய் அடைத்த மாத்திரை சிலருக்குக் குடலின் பிடிப்பைத் தளர்த்தும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் என்ற பழைய மாத்திரையை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் குடல் நரம்புகளின் இரைச்சல் அடங்குகிறது என்று 2023-இல் இங்கிலாந்தில் 463 பேரிடம் செய்த ஆய்வு காட்டியது. டாக்டர் அதை எழுதிக்கொடுத்தால், எனக்குப் பைத்தியம் என்கிறார் என்று நினைத்துச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். மனத்தை ஆற்றும் பயிற்சிகளும் சிலருக்கு உதவுகின்றன. 1984-இல் மான்செஸ்டர் நகர மருத்துவர்கள் அறிதுயில் முறையில் 30 நோயாளிகளிடம் சோதித்து நல்ல பலன் கண்டார்கள்.

கடைசியாக, எதை எரிச்சல் குடல் என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டும். மலத்தில் இரத்தம், முயலாமலே உடல் மெலிதல், விடாத காய்ச்சல், இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலியோ போக்கோ இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொல்லையும், குடும்பத்தில் ஒருவருக்குக் குடல் புற்றுநோய் இருந்திருந்தால் வரும் தொல்லையும் அப்படியே. மூலம் என்று சொல்லிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இரத்தத்தை மறைத்து வைத்த ஒருவரை எங்கள் தோட்டத்திலேயே இழந்திருக்கிறோம். அவருடைய மனைவி பிறகு என்னிடம், "சார், வெட்கப்பட்டுக்கிட்டு அவரு என்கிட்டகூடச் சொல்லலையே" என்று அழுதார். எரிச்சல் குடல் ஆளைக் கொல்லாது, புற்றுநோயாகவும் மாறாது. ஆனால் அந்த இரண்டையும் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. நம் வேலை வெட்கப்படாமல் போய்ச் சொல்வது.

தேர்வு நாளில் என் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கை தூக்கி, வெளியே போகலாமா என்று இரண்டாம் முறை கேட்கும். முன்பெல்லாம் "இப்போதுதானே போனாய்?" என்று கேட்பேன். இப்போது கேட்பதில்லை. கதவுக்குப் பக்கத்து நாற்காலியை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறேன்.